ஏழாம் எண் குப்பி

எங்கள் குலத்தின் ரத்தம் ஆய்வுக்கூடத்துக்குப் போவதானால் பெயரில்லாமல்தான் போகும் என்று இப்ரா ஊரில் என் மஜ்லிஸில், விருந்தினர் கூடத்தில் வைத்தே டாக்டர் ஸுவைனாவிடம் சொன்னேன். குப்பிகளில் எண் மட்டும் எழுத ஒப்புக்கொண்டாள்.

என் மகன் கல்ஃபானின் இரண்டு குழந்தைகள் பால்குடி வயதிலேயே இறந்திருந்தன. மூன்றாவதாகப் பிறந்த பேத்தி ரய்யாவும் பால் குடித்ததும் துவண்டு போனாள். மருமகள் ஷம்ஸா என் தங்கை மகள். அவள் பாலே விஷம் என்று ஊர் பேசியது.

மறுநாள் காலை குழந்தையும் குடும்பத்தில் பன்னிரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். குழந்தையைத் தவிர எல்லோரும் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று ஸுவைனா சொல்லியிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஸுவைனா வந்தாள். குழந்தையின் ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களைப் பிரித்துப் பார்த்ததில் நாற்பது மட்டும் அளவுக்கு மீறியிருந்தனவாம். நோய்க்கு அடையாளம் எது என்று தெரியவில்லையாம்.

"ஏழாம் நம்பர் ரத்தத்துலயும் அதுல ஒண்ணு கொஞ்சம் இருக்கு, அபூ கல்ஃபான். மத்த யார்கிட்டயும் இல்ல. அவர் அன்னிக்குப் பால் குடிச்சிருக்கணும். யாருன்னு தெரிஞ்சா வழி திறக்கும்" என்றாள் என்னிடம்.

மஜ்லிஸ் நிறைய ஆள்கள். என் சித்தப்பா மகன் சுலைய்யிம் தாடியைத் தடவினான். "வேற யாரு? ஷம்ஸாதான் திருட்டுத்தனமா குடிச்சிருப்பா."

நான் எழுந்தேன்.

"ஏழு நான்தான். ரத்தம் எடுக்க வந்தவங்களுக்கு ஒட்டகப்பால் வெச்சோம். விருந்தாளி தொடறதுக்கு முன்னாடி முதல் கிண்ணம் வீட்டுக்காரன் குடிக்கணும். குடிச்சேன். இது என் ரத்தத்துல இருக்கற குறை. இனிமே ஷம்ஸா பாலைப் பத்திப் பேசறவன் என் பேரைச் சொல்லிப் பேசட்டும்."

சுலைய்யிம் தாடியிலிருந்து கையை எடுத்தான்.

அந்த வாரமே எல்லோரும் பால் குடித்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தோம். இம்முறை குப்பிகளில் பெயர்களை, தந்தை, பாட்டன் பெயரோடு, நானே எழுதினேன். கல்ஃபான், ஷம்ஸா, என் தங்கை மூவரிடமும் அதே பொருள் தெரிந்தது. பாலில் உள்ள ஒன்றை எங்கள் உடல் மெதுவாகத்தான் உடைக்கிறது. தாய், தகப்பன் இரு பக்கத்திலிருந்தும் அந்தக் குறையைப் பெற்ற குழந்தையால் உடைக்கவே முடியாது. ரய்யாவுக்குப் பாலை நிறுத்தி பால் சேராத குழந்தை மாவு கொடுத்தார்கள். பத்தாம் நாள் தலை நிமிர்த்திச் சிரித்தாள். இன்று எங்கள் குலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் வாரத்திலேயே அந்தப் பொருளைத் தேடுகிறார்கள். அதன்பின் ஒன்றைக்கூட இழக்கவில்லை.

அடுத்த ஆண்டுப் பெருநாளன்று ரய்யா மஜ்லிஸ் கம்பளத்தின் மேல் நடந்து வந்தாள். சுலைய்யிம்தான் முதலில் கை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி என்னிடம் வந்தாள்.