கேண்டீன் கம்ப்யூட்டரில் கவிப்ரியா

மேசைகளைத் துடைத்து முடித்ததும் மாரம்மா கேண்டீன் மூலையிலிருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். மகள் கவிப்ரியா அதற்குள்தான் இருந்தாள். ஆயுத பூஜையன்று, சந்தனம் பூசிய மெஷினுக்குப் பக்கத்தில், பச்சைப் புடவையில், வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற படம். ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் தன் வலைத்தளத்தில் போட்டிருந்தார். ராயக்கோட்டை ரோட்டில் லாரி மோதிப் பிள்ளையும் போய், அவள் போனும் நொறுங்கிய பிறகு, பெற்றவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

"பாப்பா நெத்தி வந்துச்சுன்னா வாய் வர மாட்டேங்குது சார். சுத்திக்கிட்டே இருக்குது. கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் சுரேந்தரிடம்.

சுரேந்தர் அந்தத் தொழிற்சாலையின் சிஸ்டம் ஆள். நெட் மெதுவாகிப்போனதற்கு எல்லோரும் அவனைத்தான் கரித்துக்கொட்டினார்கள். ஆனால் மாரம்மா கேட்டதுதான் அவனுக்கு உறைத்தது.

கோளாறு ப்ராக்ஸி சர்வரில். திறந்த பக்கங்களையெல்லாம் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவருக்கு அதையே எடுத்துக் கொடுக்கும் பெட்டி அது. ஓசூரில் ரோட்டைத் தோண்டித் தோண்டிக் கேபிளை அறுக்கிறார்களே என்று, தளம் கிடைக்காவிட்டால் பழைய நகலையே காட்டும்படி அவனே அமைத்திருந்தான். நகல்கள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் பிதுங்கிக் கிடந்தது. மெமரியும் போதாமல் சர்வர் மூச்சு வாங்கியது.

டிஸ்கை ஃபார்மட் செய்து, நகல்களுக்கு அளவு வைத்து, திரும்ப ஓடவிட்டான். அழித்தால் என்ன, வேண்டியது நெட்டிலிருந்து தானாக வந்துவிடும். எந்த சிஸ்டம்காரனும் அப்படித்தான் நினைப்பான்.

"சூப்பர் குரு! பறக்குது!" என்று டிஸ்பாட்ச் விஜயகுமார் முதுகில் தட்டினார்.

மதியம் மாரம்மாவின் சந்தோஷத்தைப் பார்க்க ஆசையாகக் கேண்டீனுக்கு ஓடினான். முகவரியைத் தட்டியதும் பளிச்சென்று பதில் வந்தது. அப்படியொரு தளம் இல்லையாம்.

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டான்.

"அந்தக் கம்பெனிய மூடி வருஷமாச்சு தம்பி. சைட்டும் இல்ல, படமும் இல்ல."

சுரேந்தருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை அவன் டிஸ்கில் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். புது நகல்கள் அதன்மேல் ஏறிவிட்டன, மீட்கவும் வழியில்லை. அடப்பாவி, அழிக்குமுன் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா!

எல்லாவற்றையும் சொன்னான். மாரம்மாவுக்குப் பாதி புரியவில்லை. ஈரத்துணியை மடியில் வைத்தபடி வெள்ளைத் திரையையே பார்த்தாள்.

"நாந்தான் அவசரப்பட்டு கேட்டுட்டேன் சார். மெதுவாவே வரட்டும், நான் உக்காந்திருக்கேன். பழையபடியே வெச்சுடுங்க."