ஒன்பது குறைந்த எண்

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஷாலுவுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சனிக்கிழமையே துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கிவிட்டு ராயபுரம் வந்துவிடுவதாக அருள்நாதன் சொல்லியிருந்தான். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரைலர் லாரிகள் திருவொற்றியூர்வரை வரிசைகட்டி நின்றன. ஏற்றிய சரக்கை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கோயிலில் பூசை முடிந்தபோது அவன் லாரி காசிமேட்டைக்கூடத் தொடவில்லை.

திங்கள் மதியம் மனைவி ஜானட் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு லாரி நின்ற இடத்துக்கே வந்தாள். ஏறி அருகில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தாள்.

"ஷாலு இன்னா சொல்லுச்சு?" என்று அவனே கேட்டான்.

"இன்னா சொல்லும்? கோயில் வாசலையே பாத்துகினு இருந்துச்சு. போட்டோ எடுக்கக்கூட வரமாட்டேன்னுடுச்சு."

அவன் தலைகுனிந்து சாப்பிட்டான். டாஷ்போர்டில் கிடந்த நோட்டை அவள் புரட்டினாள். பக்கம் பக்கமாக வகுத்தல் கணக்கு.

"இன்னாயா இது?"

"முன்னாடி லாரில கீதே பொட்டி, அதும் நம்பரு. 902491. எதால வகுத்தாலும் மீதி வருது. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு நூத்திப் பன்னெண்டு எண்ணு பாத்துட்டேன். இப்ப அறுநூத்திப் பதிமூணு."

"எதுவரைக்கும் போவணும்?"

"தொள்ளாயிரத்தி அம்பது. அத்த அதாலயே பெருக்குனா 902500. பொட்டி நம்பரத் தாண்டிடுதுல்ல, அதுக்குமேல பாக்கத் தேவையில்ல."

ஜானட் முன்னால் நின்ற பெட்டியைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

"ஒம்போதுதான்யா தாண்டுது."

"அதுக்கு இன்னா?"

"மும்மூணு ஒம்போது. தொள்ளாயிரத்தி அம்பதுல ஒரு தபா மூணு கொற, ஒரு தபா மூணு ஏத்து. ரெண்டையும் பெருக்கு. எட்டாங் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்களே!"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு 947-ஐ 953-ஆல் பெருக்கினான். 902491. அப்படியே பெட்டியின் எண். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு நாளா இத்தத்தான் பண்ணிகினு இருந்தியா?"

"வேற இன்னா பண்றது? நேத்து எட்டு மணிக்குப் பூசை ஆரம்பிச்சிருக்கும். அப்ப நூத்தித் தொண்ணுத்தி ஏழால வகுத்துகினு இருந்தேன். மூணு தபா தப்பாவே வந்துச்சு."

ஜானட் நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அடித்து அடித்து எழுதியிருந்தான். ஒரு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. கிழிசலை விரலால் நீவிவிட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஷாலுக்கு அந்தப் புதுநன்மை வெள்ளை கவுனையே போட்டு உடுறேன். மூணு பேரும் ஸ்டுடியோவுக்குப் போலாம்," என்றாள்.

முன்னால் லாரி நகர்ந்தது. அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் இறங்கவில்லை. ராயபுரம் திருப்பம்வரை கூடவே வந்தாள். அதற்கே மாலை ஆகிவிட்டது.

ஞாயிறன்று போட்டோவில் ஷாலு நடுவில் நின்றாள், அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு.