பச்சை ஒயர்

புதன்கிழமை மத்தியானம் தாவிதா தேவாலயத்து ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து வந்து ரிப்பேர்க்காரன் செமிசியின் வீட்டு நடுவில் இறக்கிவைத்தார். அவர் மகள் செத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

"சனிக்கிழமை அடக்கம் தம்பி. அவ பாடுன பாட்டு போன்ல இருக்கு, இதுல போடணும். அவ விழுந்தப்ப இதுவும் சாஞ்சு ப்ளக் புடுங்கிக்கிச்சு. அதுலேர்ந்து மூச்சே இல்ல."

"பாத்துடறேன் அண்ணே" என்றான் செமிசி. அவனால் நிமிர முடியவில்லை.

அவர் மகள் அபெரிலாவுக்குப் பத்தொன்பது வயது. சின்னதிலேயே காய்ச்சல் வந்து இதயம் கெட்டுப்போன பெண்; மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். செவ்வாய் சாயங்காலம் தேவாலயக் கூடத்தில் பாட்டுப் பயிற்சி நடந்தபோது மைக்கைப் பிடித்தபடியே விழுந்தாள். டாக்டர் ஹார்ட் என்றார். ஊரும் ஹார்ட் என்றது. செமிசி எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

தாவிதா போனதும் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். மூன்று வாரத்துக்கு முன்பும் இதே தகட்டை இதே இடத்தில் கழற்றியிருந்தான். அப்போது கண்டென்சர் ஒன்று உப்பிப்போயிருந்தது. பழைய டிவியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டதும் ஸ்பீக்கர் பேசியது. ஆனால் கீபோர்டைச் சொருகினால் போதும், ம்ம்ம்ம் என்று ஓயாத இரைச்சல். இந்தத் தீவில் வீட்டுக்குச் சுவர் ஏது? வேடிக்கை பார்க்கப் பாட்டுக்குழுப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன செமிசி, உள்ள பன்னி வளக்கிறியா?" என்று அபெரிலாதான் முதலில் கேட்டாள். கொல்லென்று சிரித்தார்கள்.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டரை எடுத்துப் பச்சை ஒயரை நறுக்கி, முனையில் டேப் சுற்றினான். இரைச்சல் நின்றது. பெண்கள் கை தட்டினார்கள். அவனும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி தலையை ஆட்டினான். பச்சை ஒயர் எர்த் ஒயர், ஆளைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கிறது என்பது தெரியாதவனா அவன்? தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் நறுக்கினான்.

இப்போது உள்ளே பார்த்தான். கரண்ட் ஒயர் ஒன்று ஸ்பீக்கரின் அதிர்விலேயே தகட்டு விளிம்பில் உரசி, தோல் உரிந்து செம்பு பளபளத்தது. பச்சை ஒயர் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். ஸ்பீக்கர் செத்திருக்கும், பெண் பிழைத்திருப்பாள். அது இல்லாததால் கரண்ட் தகட்டுக்கு ஏறி, மைக் ஒயர் வழியாக அவள் கைக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு மழை வேறு. கூடத்தின் சிமெண்டுத் தரை நனைந்து கிடந்தது, அவள் வெறுங்காலோடு நின்றாள்.

மனைவி மொயிலங்கி வந்து எட்டிப் பார்த்தாள். அவன் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாயைத் தொறக்காத. டாக்டரே ஹார்ட்டுன்னுட்டார். நீ எதுக்கு போய் நிக்கற? ஊரை விட்டே தொரத்துவாங்க. நாலு புள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போவ?"

அவன் வேலையைப் பார்த்தான். உரிந்த ஒயரை மாற்றினான். விழுந்ததில் விட்டுப்போயிருந்த இணைப்பைப் பற்றவைத்தான். பச்சை ஒயரையும் பழையபடி சேர்த்தான். ஈயம் இரண்டு தரம் தொடையில் சொட்டியது.

வெள்ளிக்கிழமை துக்க வீட்டில் கொண்டுபோய் வைத்தான். கீபோர்டைச் சொருகியதும் இரைச்சல் மறுபடியும் வந்தது.

"தம்பி, இரையுதே" என்றார் தாவிதா. "போன தடவை என்னமோ பண்ணி நிறுத்துனியே, அதையே பண்ணிடுப்பா. புள்ளை குரல் சுத்தமா கேக்கணும்."

அவரே செமிசியின் பையிலிருந்து கட்டரை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"முடியாது அண்ணே."

"ஏன்?"

செமிசி கட்டரைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். துக்கம் தாங்காமல் போகிறான் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மொயிலங்கியிடம், "அதையே பண்ணச் சொல்றார்" என்றான். யாராவது மறுபடி அதை வெட்டினால் இன்னொரு உயிர் போகும் என்று அவளுக்கும் புரிந்தது. எழுந்து மெத்தைக்கு அடியிலிருந்து குடும்பத்துப் பெரிய பாயை இழுத்தாள். மூத்தவள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பாய்.

"நானும் வரேன். தனியா போனா வெட்டிப்போடுவானுங்க."

சனிக்கிழமை விடியும்போது இருவரும் தாவிதாவின் வீட்டு முன்னால் மண்டியிட்டுப் பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டார்கள். உயிர் போன வீட்டில் மன்னிப்புக் கேட்கும் தீவு வழக்கம் அது. வீட்டுக்காரர் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் குடும்பத்தோடு வெளியேற வேண்டியதுதான்.

பாய்க்குள்ளிருந்து செமிசி கத்தினான். "அண்ணே! அபெரிலா ஹார்ட்டால சாகல. ஸ்பீக்கர்ல எர்த் ஒயரை வெட்டுனது நான். அதான் கரண்ட் அடிச்சிருக்கு!"

வீட்டுக்குள் ஒப்பாரி நின்றது. யாரோ கத்தியை உருவும் சத்தம். "உக்காருடா" என்ற தாவிதாவின் குரல். யாரும் வெளியே வரவில்லை. வெயில் ஏறியது. பாய்க்குள் மூச்சு முட்டியது. மொயிலங்கி வாய்க்குள்ளேயே ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் காலடிச் சத்தம் வந்தது. பாயின் முன் விளிம்பில் தாவிதாவின் விரல்கள் தெரிந்தன. விளிம்பு ஒரு சாண் உயர்ந்தது. ஆண்டவரே, தூக்குகிறார்! செமிசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பக்கவாட்டில் பாயை விலக்கிக்கொண்டு ஒருத்தி உள்ளே நுழைந்தாள். அபெரிலாவின் அம்மா லூசியா.

"கொஞ்சம் தள்ளிக்க" என்றாள். பிறகு புருஷனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "செவ்வாக்கிழமையே சொன்னா. மைக்கு கடிக்குதும்மா, நான் இன்னைக்குப் போகலன்னு நின்னா. சாக்கு சொல்லாதடி, போய்ப் பாடுன்னு நான்தான் அடிச்சு வெரட்டுனேன்."

விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக விட்டன. பாய் மறுபடி மூன்று பேர் தலையிலும் இறங்கியது. தாவிதாவின் காலடி திரும்பி வீட்டைப் பார்த்துப் போவது செமிசிக்குக் கேட்டது.