பாதிக் காசுக்குக் கேட்ட படம்

பறக்கவில்லை, படத்தில் டாக்சி பறக்கவே இல்லை, பின்னால் தள்ளி மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டேன், கடைசிப் பகுதியை மெதுவாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், கிணறு இருக்கிறது, பாம்புகூட இருக்கிறது, ரப்பர் பாம்பு, யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்கள், ஆனால் டாக்சி ரோட்டில்தான் போகிறது, ஊரில் எல்லா டாக்சியும் போகிற மாதிரி... இங்கே என் மேசைமேல் மட்டும் அது பறந்துகொண்டிருக்கிறது. மழைக்காலம் முழுக்க நான் கையாலேயே அறுத்து, வளைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்த கம்ப்யூட்டர் கேபினெட். பவர் சப்ளை கிணற்றுக்குள், மதர்போர்டு டாக்சியின் வயிற்றுக்குள், முன்கிரில்லுக்குப் பின்னால் இரண்டு ஃபேன், ஹெட்லைட் எரியும், கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. கிணற்றையும் டாக்சியையும் சேர்ப்பது ஒரே ஒரு கண்ணாடி நிற அக்ரிலிக் தண்டு, தூரத்தில் நின்று பார்த்தால் தண்டு தெரியாது, வண்டி சும்மா காற்றில் நிற்கும், அதற்காகவே எத்தனை தண்டை உடைத்தேன்... கதவுத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் படத்தை ஓடவிட்டேன். மேடம் ஷோர்மே காலையில் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய பென் டிரைவ், அவர் எடுத்த முதல் படம், ‘கிணறு கேட்ட பெண்’. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரே வருகிறார், தன் படத்தின் உருவத்தில் செய்த கம்ப்யூட்டரைத் தன் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போக. வந்து, தன் படத்திலேயே இல்லாத ஒன்றை ஒரு முட்டாள் செய்து வைத்திருப்பதைப் பார்க்கப்போகிறார்.

மனப்பாடம் மேடம் என்று சொன்னேனே அவரிடம், வெட்கமே இல்லாமல், காட்சி காட்சியாகத் தெரியும் மேடம் என்று. அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் உன் இஷ்டப்படி செய், நடுவில் நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றார். நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, இதை எப்படிச் சொல்வேன்... பார்க்கவில்லை, கேட்டேன். அக்ரா ஓரத்து டெஷியில் நாங்கள் வளர்ந்த தெருவின் முனையில் ஒரு வீடியோ கொட்டகை, நாலு பெஞ்சு, ஒரு டிவி, வாசலில் ஜெனரேட்டர். ஒரு ஆளுக்குத்தான் காசு தேறும் என்றால் இரண்டு பையன்கள் சேர்ந்து போடுவோம், ஒருவன் கண், ஒருவன் காது. கண் உள்ளே போவான், காது வெளியே போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பான், படம் விட்டதும் இரண்டு பேரும் கடற்கரைப் படகுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கண் சொல்லும், காது கேட்கும். அடுத்த வாரம் முறை மாறும். இதற்கு ஒரே சட்டம்தான், கண் தூங்கக்கூடாது, சேர்க்கக்கூடாது, விடக்கூடாது, காதும் பாதிக் காசு கொடுத்திருக்கிறது இல்லையா. மீறினவனுக்குப் பொய்க்கண் என்று பெயர் விழும், அப்புறம் ஒருத்தனும் அவனோடு காசு சேர்க்க மாட்டான். லார்பிக்கு அந்தப் பெயர் விழவே இல்லை, தெருவிலேயே நல்ல கண் அவன்தான், கதாநாயகி என்ன நிறச் செருப்பு போட்டிருந்தாள் என்பதுவரை சொல்வான். ‘கிணறு கேட்ட பெண்’ வந்த வாரம் கண் அவன், காது நான். அதற்குப் பிறகு அந்தப் படத்தின் டேப் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, ஒரு பிரதிகூட இல்லை என்றார்கள், இந்த வருஷம்தான் மேடம் எங்கேயோ தேடி ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றாமலேயே இருந்திருக்கலாம்.

லார்பி. அதே லார்பிதான், வேறு யார், இன்று என் பங்குதாரன், வயரிங்கும் விளக்கும் அவன், உடம்பும் பெயின்ட்டும் நான். இப்போது சந்திக்குப் போயிருக்கிறான், இலையில் பொதிந்த சோளமாவு உருண்டை, கெங்கே, அதுவும் பொரித்த மீனும் வாங்க. போகும்போது என்ன சொன்னான், ஞாபகம் வருகிறது, இப்போதுதான் உறைக்கிறது... “ஸ்க்ரீன டெஸ்ட் பண்ணணும்னா வேற எதாச்சும் வீடியோ போடுடா, அந்தப் படத்த மேடம் வந்து போட்டுக்கட்டும்.” எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். இந்த மஞ்சளைப் பாருங்கள், எங்கள் ஊர் டாக்சிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வேண்டுமே, பெயின்ட்டில் அந்த நிறம் சரியாக வராமல், தண்ணீர் பிடிக்கும் மஞ்சள் எண்ணெய்க் கேனை வெட்டி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி, கை பொரியப் பொரிய மட்காட்டுக்கு வளைத்தேன், அப்போது பக்கத்தில் நின்று ஊதினவன் அவன். பக்கத்துக் கடையில் சவப்பெட்டி செய்கிறார்கள், எங்கள் ஊரில் மீன்காரனுக்கு மீன் உருவத்தில், டிரைவருக்குக் கார் உருவத்தில், அதனால் வாசலில் போகிறவர்கள் எல்லோரும் என் டாக்சியைப் பார்த்து நின்றுவிடுவார்கள், “ஐயோ, எந்த டிரைவர் போயிட்டாரு?” என்று. லார்பிதான் பதில் சொல்வான், “இன்னும் யாரும் போகல பெரியம்மா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, அளவு எடுத்துக்கறோம்.” நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் எதற்குச் சிரித்தான்?

இல்லை, அவன் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். நான் கேட்டேனே, டயர் சுற்றிக்கொண்டே பறந்ததா, நின்றுவிட்டதா என்று, சால்டர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான், கண்ணை மூடி யோசித்தான், “நின்னுடுச்சு. முன்டயர் மட்டும் லேசா திரும்பி இருந்துச்சு.” நேற்று, தண்டை ஒட்டும்போது, “மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்குடா, இது இறங்கற மாதிரி இருக்கு, அது ஏறுச்சு.” அது ஏறியதாம். எதைப் பார்த்துச் சொன்னாய் லார்பி... போஸ்டரைத்தான். போஸ்டர் எழுதுகிறவர்களைப் பற்றி அக்ராவில் யாருக்குத் தெரியாது, மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்து அதில் வரைவார்கள், படத்தைப் பார்க்கவே மாட்டார்கள், பெயரையும் இரண்டு வரிக் கதையையும் கேட்டுவிட்டு, கூட்டம் சேர எது வேண்டுமோ அதைப் போட்டுவிடுவார்கள், பல்லுள்ள கோழி, தீப்பிடித்த தலைமுடி, பறக்கும் டாக்சி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். நான் போஸ்டரை நம்பிச் செய்யவில்லை, லார்பியின் கண்ணை நம்பிச் செய்தேன். அவன் கொட்டகைக்குள் போகவே இல்லை, அதுதான் நடந்திருக்கும், எங்கள் இரண்டு பேர் காசையும் வாழைப்பழ வறுவலாகத் தின்றுவிட்டு, பின்பக்கமாக வந்து நின்று, படம் விட்டதும் கூட்டத்தோடு வெளியே வந்திருப்பான், பொய்க்கண், பொய்க்கண்...

ஆனால் உள்ளே போன மற்ற பையன்கள்? அந்தப் படத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் விளையாடியது ஒரே விளையாட்டு, பறக்கும் டாக்சி, கையை விரித்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து ஓடிப் படகின்மேல் ஏறிக் குதிப்பது. சோவா விளையாடினான், அவன் அண்ணன் விளையாடினான், அவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தவர்கள், டாக்சி ரோட்டில் போனதைக் கண்ணால் கண்டவர்கள். ஒருத்தன்கூட, டேய் அது பறக்கவே இல்லையே என்று சொல்லவில்லை. சண்டை வந்தால் அம்மா அப்பாவைத் திட்டுகிற பயல்கள், இதை மட்டும் விட்டுவைப்பார்களா? யாரோ சொல்லி வைத்திருக்கிறான். யாரோ எல்லோரையும் கூப்பிட்டு, அடோட்டேவிடம், அதாவது என்னிடம், சொல்லாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறான், அத்தனை பேரும் தலையாட்டிவிட்டு, என்னோடு சேர்ந்து கையை விரித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் ஒருத்தன்தான் நிஜமாகப் பறந்திருக்கிறேன். இதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

ஏன் என்று கேட்காதே, ஏன் என்று தெரியும், படத்தை முழுதாகப் பார்த்தாகிவிட்டதே. பாதிப் படம் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கிணற்றுப் பேய் அந்தப் பெண்ணிடம் நல்ல துணி தருகிறேன், வேறு ஊர் தருகிறேன் என்கிறது, அவள் யோசிக்கிறாள், மறுபடி சோபா. கடைசியில் ஒரு பெட்டியோடு வெளியே வருகிறாள், டாக்சி நிற்கிறது, ஏறுகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை, வண்டி செம்மண் ரோட்டில் போகிறது, ஒரு பையன் பின்னாலேயே ஓடுகிறான். சட்டைப் பொத்தான் இல்லாத பையன். ரொம்ப நேரம் ஓடுகிறான், கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது, இசைகூட இல்லை, ஓடுகிறான், புழுதி, அவ்வளவுதான், படம் முடிந்தது. என் அம்மா எல்லை தாண்டி அபிஜானுக்குப் போனது அந்த வருஷம். அவளும் டாக்சியில்தான் போனாள், இரண்டு தடவை துணி அனுப்பினாள், அப்புறம் ஒன்றும் இல்லை. நானும் ஓடினேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, அத்தைக்குச் சொன்னதில்லை, முழங்கால் சிராய்ப்புக்குப் பந்து விளையாடினேன் என்றேன், கட்டிக்கொண்டவளுக்குச் சொன்னதில்லை, லார்பிக்கும் சொன்னதில்லை. அம்மா போகும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் ஊரே நினைக்கிறது, நானே பாதி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்... ஆக, அம்மா இல்லாத பயல், அவனிடம் இந்தப் படத்தைச் சொல்லாதீர்கள், பாவம். பாவமாம். என் பாதிக் காசுக்குக் கிடைத்தது படம் இல்லை, பரிதாபம். அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஆக்ஸா பிளேடு கையில் இருக்கிறது, எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. தண்டை அடியோடு அறுத்து, டாக்சியை இறக்கிக் கிணற்றுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிடலாம், வயர் நீளம் போதும், மேடம் படத்தில் எப்படியோ அப்படி. பிளேடு படிந்து, வெள்ளைத் தூள் கொஞ்சம் உதிர்கிறது. அப்போதுதான் லார்பி பொட்டலத்தோடு உள்ளே வருகிறான், கதவுத்திரையில் அந்தப் பையன் ஓடுகிற இடத்தில் படம் நின்றுகிடக்கிறது, அதைப் பார்க்கிறான், என் கையைப் பார்க்கிறான், பொட்டலத்தை மெதுவாக பெஞ்சில் வைக்கிறான்.

“பாத்துட்டியா.”

“உள்ள போனியா, போகலையா? அத மட்டும் சொல்லு.”

“போனேன்.”

“முழுசா பாத்தியா?”

“முழுசா. மூத்திரம் முட்டுச்சு, அப்பவும் எந்திரிக்கல. உன் காசும் அதுல இருக்கே.” சிரிக்கப் பார்க்கிறான், நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொள்கிறான். “வெளிய வர்றேன், நீ போஸ்டர் கிட்ட நிக்கற. மொத கேள்வியே, பறந்துச்சாடான்னு. நான் என்ன சொல்ல? பறந்துச்சுன்னேன்.”

“அன்னிக்குச் சின்னப் பையன். நேத்து? மூக்கைத் தூக்குன்னியே, நேத்து உனக்கு வாய் கூசலையா?”

“கூசுச்சு,” என்கிறான், “ரொம்ப கூசுச்சு. ஆனா நல்லா வந்துட்டு இருந்துச்சுடா.” அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான், மேடத்திடம் எப்போதோ சொல்லிவிட்டானாம். “போஸ்டர பாத்துதான் செய்றான், கண்டுக்காதீங்கன்னேன். அவங்களுக்கு ஒரே சிரிப்பு. டாக்சி பறக்கலன்னு தெமா ஊர்க் கொட்டகையில ஜனங்க இவங்க ஆபரேட்டர அடிச்சே போட்டாங்களாம், இப்பவாச்சும் பறக்கட்டும்னாங்க.”

நல்லது. மேடத்துக்கும் தெரியும். சோவாவுக்குத் தெரியும், அவன் அண்ணனுக்குத் தெரியும், தெமாவில் அடித்தவனுக்கும் அடிவாங்கினவனுக்கும் தெரியும், அறுத்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தவனுக்கு மட்டும் தெரியாது. வேலை போய்விடும் என்று பயந்தேனே, அதுகூட இனி இல்லை, மிச்சமிருப்பது இவன்தான், இனி இவன் சிவப்பு வயர் என்றால் நான் போய்ப் பார்க்க வேண்டுமா, சூடாயிருக்கிறது என்றால் தொட்டுப் பார்க்க வேண்டுமா? பிளேடை மறுபடி இழுக்கிறேன். தண்டு முனகுகிறது. டாக்சி லேசாக ஆடுகிறது.

“ரோட்டுல போச்சுன்னு சொல்லியிருந்தா என்னடா ஆயிருக்கும்?” என்கிறேன். “செத்தா போயிருப்பேன்?”

“திரும்ப ஓடியிருப்ப.” கெங்கேயின் இலையைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மீன் முள்ளைப் பற்றிப் பேசுகிற குரலில் சொல்கிறான். “ஒத்தச் செருப்போட பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடினவன்தானே நீ. பறந்துபோச்சுன்னா நீ துரத்தறத விட்டுருவேன்னு பாத்தேன்.”

வெளியே கார் ஹார்ன், மேடம் ஷோர்மேயின் குரல், பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ கேட்கிறார். லார்பி கையைக் கழுவ எழுந்து போகிறான். பிளேடு தண்டில் பாதியில் நிற்கிறது, இழுக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை... பெட்ரோல் பங்க். நான் அங்கேதான் விழுந்தேன், அங்கேதான் வண்டி கண்ணைவிட்டு மறைந்தது, விடியற்காலம், பனி, ஒரு ஆள் இல்லை, திரும்பிப் பார்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன், யாருமே இல்லை. ஒற்றைச் செருப்பு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரு முனையிலிருந்து பார்த்தால் பங்க் தெரியாது, வளைவு மறைத்துவிடும். அது தெரிய வேண்டுமானால் அவனும் என் பின்னாலேயே ஓடிவந்திருக்க வேண்டும்.