உப்புப் பூத்த மான்

பஸ்ஸில் செல்வராணி செல்போனைத் திறந்தாள். திரையில் ஈரப்பதக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. செங்காட்டுப் பொத்தைக் குன்றின் குகைக்குள் ஈரப்பதம் காலை ஒன்பதுக்கு அறுபத்தொன்று. பத்தரைக்குத் தொண்ணூற்று நான்கு. வெளியே மழையில்லை, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, குகைக்கு ஆட்டோ பிடித்தாள்.

எட்டு மாதமாக அந்தக் குகையின் சூட்டையும் ஈரத்தையும் கருவி வைத்து அளப்பது அவள் வேலை. பாறையில் செங்காவியால் வரைந்த மூன்று மான்கள். எழுத்து பிறப்பதற்கு முந்தைய மனிதன் வரைந்தவை. குகையைச் சுற்றுலாவுக்குத் திறக்கலாமா கூடாதா என்பது அவள் எழுதும் அறிக்கையைப் பொறுத்தது. அது இன்று சென்னைக்குப் போயாக வேண்டும்.

குகை வாசலில் கறுப்புக் கார். உள்ளே வாட்ச்மேன் சுடலைக்கண்ணன், வாழைக்கு மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு மான்களின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேலதிகாரி சிவனணைந்தபெருமாள், போனும் கையுமாக.

"நிறுத்துங்க அண்ணாச்சி! என்ன செய்யுதிய?"

"சார்தான் சொன்னாவ தாயி. நனைச்சாத்தான் மான் எந்திரிச்சு நிக்குமாம். போட்டோ சரியா விழலன்னு இது மூணாவது டேங்க்."

"கப்பல்ல வார வெள்ளைக்காரங்களுக்குக் காட்டணும்மா," என்றார் அதிகாரி. "மங்கலா இருந்தா எவன் பாப்பான்? காஞ்சா பழையபடி ஆயிரும்."

"எந்தத் தண்ணி?"

"நம்ம போர் தண்ணிதான்," என்றார் சுடலைக்கண்ணன்.

வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. டேங்க்கைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய், வெயிலில் கொதித்துக் கிடந்த காரின் முன்பக்கம் முழுக்க அடித்தாள். இருவரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"ஏம்மா, கிறுக்கா உனக்கு?"

"ரெண்டு நிமிசம் பொறுங்க சார்."

தண்ணீர் காய்ந்தது. கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் பூத்தன.

"இதத் துணிய வச்சுத் துடைச்சிரலாம். பாறைக்குள்ள இறங்குன உப்பு வெளிய வரும்போது காவியையும் உரிச்சுக்கிட்டு வரும். அத எத வச்சுத் துடைப்பிய?"

அவர் காரைத்தான் தடவிப் பார்த்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. வாட்ச்மேன் தெரியாம அடிச்சிட்டான்னு எழுதிரு. இல்லன்னா கருவி ரிப்பேர்னு போடு."

"நான் தெரியாம அடிச்சனா?" சுடலைக்கண்ணனின் குரல் குகைக்குள் மோதித் திரும்பியது. "படத்துல தண்ணி படக்கூடாதுன்னு இந்தப் பிள்ள சொல்லிருக்குன்னு சொன்னேன்லா? 'எனக்கே பாடம் எடுக்கியாலே'ன்னு கேட்டது ஆரு?"

"ஏலே, வேலை வேணுமா வேண்டாமா?"

"நீ எழுது தாயி. நான் கையெழுத்துப் போடுதேன்."

செல்வராணி வாசல் பாறையில் உட்கார்ந்து போனில் அறிக்கையைத் தட்டினாள். நேரம், தண்ணீர், உத்தரவிட்டவர் பெயர். 'குகையைத் திறக்கக் கூடாது.'

"அத அனுப்புனா நாளைக்கு நீ இங்க இருக்க மாட்ட."

"மான் இருக்கணும்லா சார்."

அனுப்பிவிட்டு உள்ளே போனாள். முதலில் நனைத்த மானின் பின்னங்கால் காய்ந்துவிட்டது. குளம்பின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் படமெடுத்து அனுப்பினாள்.