வெள்ளிக்கிழமைக் குச்சி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது தப்பு. மூக்கு நுனி வரை போய்வர அதற்குப் பொறுமை கிடையாது, நேராக வாய்க்கு வந்துவிடும். அதுவும் 2012-இல், நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாத அந்த வருஷத்தில், நான் வாயை மூடியிருந்ததெல்லாம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் தூங்கிய நேரம்தான்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஏழு வருஷம் ஓடியிருந்தது. இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. 2013 ஏப்ரல் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அந்தத் தேதியை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கவில்லை. எதிரே வருகிறவர்களெல்லாம் "இருதயசெல்வி மேடம், எப்ப முடிக்கப் போறீங்க?" என்று கேட்டே வட்டம் போட்டார்கள்.

என் ஆய்வு கல்லீரலைப் பற்றியது. அதற்குக் காரணம் என் அப்பா செபஸ்தியான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சர்க்கரையும் பெருத்த உடம்பும் உண்டு, குடி மட்டும் கிடையாது. 1993-இல் கல்லீரல் கெட்டுச் செத்துப்போனார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிப்பதற்குள் ஒரு சொந்தக்காரர், "மாஸ்டர் மறைவா ஊத்திக்கினு இருந்திருக்காரு, நமக்குத்தான் தெரியல" என்றார். எனக்குப் பதினாலு வயசு. அவரை அங்கேயே வைத்து வாய்க்கு வந்தபடி கேட்டேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

குடிக்காதவன் கல்லீரலையும் வெறும் கொழுப்பு புண்ணாக்கும் என்று பெரிய ஊர்களில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அது எந்த வழியாக நடக்கிறது என்பதில் ஒரு சின்ன முடிச்சை நானும் அவிழ்க்க வேண்டும், அப்பாவின் பெயரை முதல் பக்கத்தில் போட வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை.

வேலை இப்படி நடக்கும். மனிதக் கல்லீரலிலிருந்து எப்போதோ எடுத்து, ஊர் ஊராக வளர்ந்துகொண்டிருக்கும் செல்கள் 2010-இல் பூனாவிலிருந்து எங்களுக்கு வந்தன. இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டிக்குள் அவற்றை வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை ரோஸ் நிறத் தண்ணியில் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். பிறகு சின்னச் சின்னக் குழி வைத்த பிளாஸ்டிக் தட்டில் பிரித்து, பாதிக் குழிகளில் கொழுப்பைக் கலக்க வேண்டும். ஒரே நாளில் செல்லுக்குள் கொழுப்பு துளித்துளியாகச் சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்து புண்ணாகிற செல் வெளியே ஒரு புரதத்தைக் கக்கும். அதை அளந்தால் எவ்வளவு அழற்சி என்று தெரியும். கொழுப்பு போட்ட குழியில் அளவு ஏற வேண்டும், போடாத குழியில் தாழ்ந்திருக்க வேண்டும்.

எனக்கு இரண்டிலும் ஏறியது. கொழுப்பையே காணாத செல்கள் தின்று கொழுத்த செல்களுக்குச் சமமாகப் புரதத்தைக் கக்கின. ஒரு தடவை அல்ல, இரண்டு வருஷம். கொழுப்பு மாற்றினேன், ரசாயனம் மாற்றினேன், அளக்கிற கிட்டை மாற்றினேன். என் வழிகாட்டி தேவநாதன் சார் அதிகம் பேசாதவர். ஒவ்வொரு முடிவையும் பார்த்துவிட்டு "ம்ம், திரும்பப் பண்ணும்மா" என்பார். அந்த "ம்ம்" இருக்கிறதே, அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் என்கூட இருந்தது கிளியம்மாள். மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம். புருஷன் வீரமுத்து கடலுக்குப் போகிறவர். அவளுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு கூட, ஆனாலும் நான் 'நீ' என்றுதான் கூப்பிடுவேன், ஆய்வுக்கூட வழக்கம் அப்படி. கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஆவியில் வேகவைத்துச் சுத்தப்படுத்துவது அவள் வேலை. சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றும் உண்டு. மூலையில் பால்கேன் மாதிரி ஒரு நைட்ரஜன் கேன் இருந்தது. செல்களைக் குப்பியில் அடைத்து உறையவைத்து வருஷக்கணக்கில் வைப்பது அதில்தான். நைட்ரஜன் தானாக ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். வெள்ளிக்கிழமை தோறும் கிளியம்மாள் ஒரு மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுப்பாள். குச்சியில் எதுவரைக்கும் வெள்ளையாகப் பனி படிகிறதோ அதுவரைக்கும் நைட்ரஜன் இருக்கிறது. அந்த அளவைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள், குச்சியை முந்தானையால் துடைத்து வைப்பாள். நாலு விரலுக்குக் கீழே இறங்கினால், மாட்டாஸ்பத்திரிக்குச் சினை ஊசிக்காக நைட்ரஜன் கொண்டுவருகிற வண்டிக்காரருக்குத் தன் போனிலிருந்தே பேசி வரவழைப்பாள்.

இவ்வளவு ஒழுங்கான மனுஷியைத்தான் நான் தினம் கரித்துக்கொட்டினேன். வடிகட்டிய காற்று வீசும் மேசை முன்னால் உட்கார்ந்து, செல் இருக்கும் தட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "பிப்பெட் எங்க? ஏன் இன்னும் வரல? ஜெனரேட்டர் போடச் சொன்னியா இல்லியா?" கரண்ட் போனால் மேசையின் காற்றும் நின்றுவிடும். வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் எப்போது முடிப்பது? ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவைத்து, மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டே தொடருவேன். முகமூடி தாடையில் தொங்கும். அந்தப் புழுக்கத்தில் அதை மாட்டினால் மூச்சு முட்டும், திட்டினாலும் சரியாகக் காதில் விழாது.

ஒருநாள் கிளியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், கோச்சிக்காதீங்க. அந்த மாஸ்க்க ஏத்தி போட்டுக்கினு பண்ணுங்களேன். சாரு எப்பவும் போட்டுக்கினுதான் பண்ணுவாரு."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போய் பாட்டில் கழுவு" என்றேன்.

அவள் போய்ப் பாட்டில் கழுவினாள். அதற்கப்புறம் தினமும் காலையில் என் ஸ்டூல் மேல் ஒரு புது முகமூடி இருக்கும். நான் அதை எடுத்து வழக்கம்போல் தாடையில் மாட்டிக்கொள்வேன்.

அந்த அக்டோபரில் ஆயுத பூஜை லீவு முடிந்து வியாழக்கிழமை வந்தேன். இன்குபேட்டர் கதவில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மைக்ராஸ்கோப்புக்குச் சாமந்திச் சரம். கதவைத் திறந்தால் உள்பக்கக் கண்ணாடியிலும் ஒரு பொட்டு. எனக்குக் கண் இருட்டியது. தூசி விழக்கூடாது என்று நான் கையை ஸ்பிரிட்டில் நனைத்து நனைத்துத் தோல் உரிந்து கிடக்கிறேன், இங்கே சந்தனம் குழைத்து அப்பியிருக்கிறது!

"யார் உள்ள தொறந்தது?"

"நாந்தான் மேடம். தொடச்சிட்டு ஒரே ஒரு பொட்டுதான் வெச்சேன். வருசா வருசம் வெக்கிறதுதானே. உங்க பரிட்ச நல்லா வரணும்னு வேண்டிக்கினுதான் வெச்சேன்."

வருசா வருசம்! இரண்டு வருஷத்துப் புதிருக்கு விடை கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. அது விடையா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சந்தனத்தில் பூஞ்சை இருந்தால் தட்டில் கண்ணுக்குத் தெரிய முளைத்திருக்கும், என் தட்டுகளில் ஒன்றும் முளைத்ததில்லை. முதல் வருஷத்து மாணவிகூட அதைக் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. நேராக பிரின்சிபல் அறைக்குப் போய், என் ஆராய்ச்சி கெட்டதற்கு இவள்தான் காரணம் என்று எழுதியே கொடுத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளியம்மாளைப் பெண்கள் விடுதிச் சமையல்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது எதையோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அவள் இடத்துக்கு யாரையும் போடவில்லை. பாட்டில்களை நானே கழுவினேன், அதையும் திட்டிக்கொண்டே. இன்குபேட்டரைப் பிரித்து மேய்ந்து சுத்தம் செய்தேன். நடப்பில் இருந்த செல்களையே பிரித்துப் பிரித்து வளர்த்து டிசம்பரில் மறுபடி பரிசோதனை செய்தேன். கொழுப்பு போடாத குழிகளில் அளவு பழையபடியே ஏறியிருந்தது. ஜனவரியில் இன்னொரு தடவை. அப்போதும் ஏறியிருந்தது. தட்டைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் அடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சென்னையில் பெரிய ஆய்வகம் ஒன்றில் இருந்த என் வகுப்புத் தோழி ஜெர்லினுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மைக்கோபிளாஸ்மா பார்த்தியாடி?" என்றாள். அது ஒரு கிருமி. மைக்ராஸ்கோப்பில் தெரியாது, தண்ணியைக் கலங்கவைக்காது, நாம் வழக்கமாகப் போடும் மருந்துக்குச் சாகாது. செல்லோடு ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தும். செல் மட்டும் எப்போதும் புண்ணான மாதிரியே நடந்துகொள்ளும். செல் வளர்ந்த தண்ணியைக் குப்பியில் அடைத்து அவளுக்கு அனுப்பிவைத்தேன்.

பிப்ரவரி முதல் வாரம் அவளே கூப்பிட்டாள். "இருக்குடி. நிறைய இருக்கு. எந்த வகைன்னும் பார்த்துட்டேன். மனுஷங்க வாய்ல இருக்கிற வகை. உங்க லேப்ல யாரோ தட்டைத் திறந்து வெச்சிக்கினு பேசிக்கினே வேலை செய்றாங்க. யாருன்னு பாரு."

யார் என்று பார்க்க எனக்குக் கண்ணாடி போதும். அந்த அறையில் தட்டைத் திறப்பவள் நான் ஒருத்தி. பேசுபவளும் நான் ஒருத்தி. இரண்டு வருஷமாக என் வாயிலிருந்து விழுந்ததைத்தான் அப்பாவின் பெயரில் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. செல்கள் பூனாவிலிருந்து வந்த புதிதில், நான் கை வைப்பதற்கு முன்னால், தேவநாதன் சார் தன் கையாலேயே வளர்த்து இரண்டு குப்பி உறையவைத்தார். முகமூடி போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல். கேனில் இருக்கிற மற்றதெல்லாம் நான் அடைத்தவை, என் வாய் பட்டவை. அந்த இரண்டு குப்பி மட்டும் சுத்தம். பூனாவிலிருந்து புதுசாக வரவழைக்க மாசக்கணக்கில் ஆகும். எடுத்து வளர்த்தால் ஏப்ரல் முப்பதுக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. ராப்பகலாகச் செய்தால் முடித்துவிடலாம்.

முதல் வேலையாக பிரின்சிபலிடம் போய், தப்பு என்னுடையது, கிளியம்மாளைத் திரும்ப அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து நேராக விடுதிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு மூட்டை முள்ளங்கியை நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளைத் தோளைத் தொட்டு உட்காரவைத்து, நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"கிளியம்மா, உங்க மேல அநியாயமா பழி போட்டுட்டேன். உங்க பொட்டுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் என் வாயாலதான். நீங்க மாஸ்க் போடச் சொன்னப்பவே கேட்டிருந்தா..." ஏழு வருஷத்தில் அவளிடம் முதல்தடவையாக 'நீங்க' என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப சாமி மேல தப்பு இல்லன்றீங்க."

"இல்ல."

"அது போதும் மேடம். மூணு மாசமா அதான் எனக்கு ஒரே பேஜாரா இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப இன்னா பண்றது? தேதி வந்துக்கினே இருக்குதே?"

சாரின் இரண்டு குப்பியைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெம்பு வந்தது. நாளைக்கே எடுத்துவிடலாம், நீங்க கூட இருந்தா ஜல்தியா முடிச்சுடலாம் என்றேன். அவள் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை.

"மேடம், நான் இங்க வந்ததிலிருந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குச்சி வுட்டுப் பார்த்தது யாரு?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அன்னிக்குப் போறப்ப அதத்தான் மேடம் சொல்ல வந்தேன். வண்டிக்காரரு ரெண்டு தபா போன் பண்ணாரு. நான் இப்ப அங்க இல்லண்ணே, மேடம் பார்த்துக்குவாங்கன்னு சொல்லிட்டேன்."

முள்ளங்கியை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் மைதானத்தின் குறுக்கே ஓடினோம். ஆய்வுக்கூடத்தைத் திறந்து அவள்தான் கேனின் மூடியைத் தூக்கினாள். தூக்கினால் வெள்ளைப் புகை பொங்கி வழிய வேண்டும். ஒன்றும் வரவில்லை. சுவரில் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் அக்டோபர் பத்தொன்பது என்று அவள் கையெழுத்தில் இருந்தது. குச்சியை எடுத்து உள்ளே விட்டாள். அது அடி வரைக்கும் போய் டொக்கென்று தட்டியது. சாரின் இரண்டு குப்பிகளும் எந்த வாரத்தில் உருகிச் செத்தன என்று யாருக்கும் தெரியாது.

நான் வாயைத் திறந்தேன். ஏழு வருஷப் பழக்கம், எங்கே எது உடைந்தாலும் முதலில் திறப்பது அதுதான். ஆனால் திட்டுவதற்கு அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை.

கிளியம்மாள் குச்சியை வெளியே எடுத்தாள். நுனி முதல் அடி வரை காய்ந்த மரம். வழக்கப்படி அதை முந்தானையால் துடைத்து, சுவரோரம் அதன் இடத்தில் சாத்திவைத்தாள்.