மூன்றரை நிமிட வெளிச்சம்

படிக்கட்டு விளக்கு நாற்பத்தைந்து நொடிதான் எரியும். கீழே ஒரு பொத்தான், நான்காவது மாடியில் ஒரு பொத்தான். நடுவில் எதுவும் கிடையாது. சன்னலே இல்லாத படிக்கட்டு என்பதால் பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. விறுவிறுவென்று ஏறுகிறவர்களுக்கு அந்த நேரம் போதும். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு, ஊன்றுகோலோடு ஏறுகிற பெயின்டருக்கு இரண்டாவது மாடிகூடத் தாண்டாது.

அன்று பிற்பகல் வேலை முடிந்து நான்காவது மாடி வீட்டுக்கு ஏறி வந்த ஈயக்கா, இரண்டாவது மாடி வளைவில் தன் கணவரான அந்தப் பெயின்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான். காத்து வாங்கறேன்."

காற்றே வராத இடத்தில் காற்று வாங்குகிற மனிதரை அவள் அன்றுதான் பார்த்தாள். கையைப் பிடித்தபோது சில்லென்றிருந்தது. விளக்கு அணைந்த பிறகு வெகுநேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாளிலிருந்து அவர் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். படி ஏறி இறங்கினால்தான் கால் வழிக்கு வரும் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதெல்லாம் காதில் ஏறவில்லை.

ஈயக்கா என்பது தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர். பதினோரு வருடமாக மின்பலகைகளில் ஈயப்பற்று வைக்கிறாள். ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளையும் கெபாசிட்டரின் நெட்டைக் கால் குட்டைக் காலையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பற்று வைத்த பிறகு அவை உள்ளே என்ன வேலை பார்க்கின்றன என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

கீழ்வீட்டில் இருந்த கட்டட ஓனரிடம் போய் நின்றாள்.

"விளக்கு கொஞ்சம் கூட நேரம் எரியற மாதிரி செய்யலாமா சார்?"

"இத்தன வருஷத்துல யாரும் கேட்டதில்லையேம்மா. உனக்குத் தெரிஞ்சா செய். எனக்குத் தலைவலி வராம இருந்தாச் சரி."

மெயினை அணைத்துவிட்டு, சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே உள்ளங்கை அளவுப் பலகை. எல்லாம் கைக்குப் பழகிய முகங்கள்தான். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் மீட்டரிடம் காட்டினாள். மீட்டர் என்பதும் தொழிற்சாலையில் வைத்த பெயர்தான்; அங்கே சோதனைப் பிரிவில் இருப்பவள். கையில் எப்போதும் மீட்டர், வாயோ அதைவிட வேகமாக ஓடும்.

"இது ரொம்ப சிம்பிள்க்கா. பொத்தான அழுத்தினா கெபாசிட்டர் காலியாகும், விளக்கு எரியும். அப்புறம் ரெசிஸ்டர் வழியா கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஏறும். ஒரு அளவு ஏறினதும் விளக்கு அணையும். ரெசிஸ்டர் கரண்ட அடக்கி அடக்கி விடுது. அதோட மதிப்பக் கூட்டினா சார்ஜ் மெதுவா ஏறும், விளக்கு கூட நேரம் நிக்கும்."

பதினோரு வருடம் பக்கத்துவீட்டில் இருந்தவரோடு முதல்முறையாகப் பேசிய மாதிரி இருந்தது ஈயக்காவுக்கு. பழைய ரெசிஸ்டர் பழுப்பு, கறுப்பு, மஞ்சள்: ஒரு லட்சம் ஓம். ஆசை யாரை விட்டது? பத்து மடங்காகவே போட்டாள். ஏழரை நிமிடம். வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாலும் மிச்சமிருக்கும்.

மறுநாள் காலையில் ஓனர் நான்கு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"நேத்து சாயங்காலம் போட்டது, இன்னும் எரியுதும்மா! அணையவே மாட்டேங்குது!"

உள்ளேயிருந்து பெயின்டர், "பழசையே மாட்டிடு. என் காலால எல்லாருக்கும் தொல்லை" என்றார். ஓனர் வைததைவிட அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

விஷயத்தைக் கேட்டு மீட்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏழரை நிமிஷம்னு கணக்குப் போட்டு ஏழரைய இழுத்துக்கிட்டியேக்கா! கெபாசிட்டர் பழசு, உள்ளயே கசியுது. நீ விடறது மெல்லிசுக் கரண்ட். ஏறற அளவுக்குக் கசிஞ்சும் போச்சுன்னா என்னைக்கு நிறையும்? கெபாசிட்டரப் புதுசா போடு, ரெசிஸ்டரக் கொஞ்சம் குறை. ஆமா, அண்ணனுக்கு எத்தன நிமிஷம் வேணும்?"

அதைக் கேட்கவே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டாள். பெயின்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னை ஓட்டப்பந்தயத்துக்கா அனுப்பறே, நேரம் பாக்க?"

"எனக்குக் கணக்கு வேணுங்க. குத்துமதிப்பாப் போட்டுதான் ஊர் சிரிச்சுது. நான் கூடவே வரேன்."

அவர் ஊன்றுகோலை எட்டி எடுத்தார். பிறகு, "மெதுவாத்தான் வருவேன், அவசரப்படுத்தக் கூடாது" என்று எழுந்தார்.

விளக்குதான் அணையாமல் எரிந்துகொண்டிருந்ததே. இருவரும் கீழே இறங்கி, அங்கிருந்து ஏறத் தொடங்கினார்கள். அவள் கடிகாரத்தையும் அவருடைய காலையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். வாசலைத் தொட்டபோது மூன்று நிமிடம் இருபது நொடி.

"ரொம்ப ஆயிடுச்சோ?" என்றார் மெல்ல.

"சரியா வரும்" என்றாள். மஞ்சள், ஊதா, மஞ்சள்: நாலு லட்சத்து எழுபதாயிரம் ஓம். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள், மூன்றரை நிமிடம். வாழ்க்கையில் எந்தக் கணக்கும் இத்தனை அழகாக வந்து உட்கார்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுக் கெபாசிட்டரையும் ரெசிஸ்டரையும் பற்றவைத்து மாட்டினாள். ஓனர் நம்பிக்கையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொத்தானை அவளே அழுத்திக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம் முப்பத்திரண்டு நொடியில் டக்கென்று விளக்கு அணைந்தது. இருட்டிலேயே ஓனர், "அட!" என்றார்.

அடுத்த முறை அழுத்தியவர் பெயின்டர். தனியாகவே ஏறினார். கீழே நின்ற ஈயக்கா ஊன்றுகோலின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் மாடி, இரண்டாவது மாடி வளைவு. அங்கே சத்தம் நின்றுவிட்டது.

"என்னங்க ஆச்சு?"

மேலேயிருந்து அதட்டல் வந்தது. "இந்தச் சுவத்துக்கு வண்ணம் அடிச்ச ஆளு யாரு? தேய்க்காமலே பூசியிருக்கான். மேல மட்டும் நாலு திட்டு. வெளிச்சம் நின்னாத்தானே இதெல்லாம் கண்ணுல படுது!"

ஓனர் தலையைத் தூக்கி, "குறை சொல்றது சுலபம். உன்னால அடிக்க முடியுமா?" என்றார்.

"இடுப்பளவு வரைக்கும் உக்காந்தே அடிப்பேன். மேல்பாதிக்கு ஒரு மாசம் போகட்டும், பாக்கலாம்."

ஒரு மாதம் என்று அவர் வாயால் வந்ததை ஈயக்கா ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். விழுந்ததிலிருந்து அவர் நாளைக்கு என்றுகூடப் பேசியதில்லை.

விளக்கு அணைந்தது. இருட்டுக்குள்ளிருந்து அவருடைய குரல், சாரத்தில் நின்று கத்துகிற அதே குரல், கேட்டது:

"ஏய், இன்னொரு தடவ அழுத்து! மூலையை இன்னும் பாக்கல!"